செண்டுமல்லி கேட்கும் சுண்ணாம்பு

ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்து, பிறகு தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்த மலேசியாவின் பேராக் தமிழர்களிடம் ஒரு புகார் பொதுவாக உண்டு. அங்கே விதையைத் தூவிவிட்டாலே செண்டுமல்லி இடுப்புயரம் வந்தது. கோழிக்கொண்டை கையகலம் விரிந்தது. காசித்தும்பை தானே முளைத்து, தானே வெடித்து, அடுத்த மழைக்குத் தானே மறுபடி முளைத்தது. இங்கே நர்சரியில் பையோடு வாங்கி வைத்த நாற்றுகூட ஒரு சாண் வளர்ந்ததும் முரண்டு பிடிக்கிறது. அடியிலை வெண்கல நிறமாகிப் புள்ளி விழுகிறது. பொத்தான் அளவில் இரண்டு பூ வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. "தோட்டத்து மண்ணு அப்படிப்பட்ட மண்ணு" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

தோட்டத்து மண் அப்படியொன்றும் வளமான மண் அல்ல. உலகத்தில் மழையால் மிக அதிகமாகக் கழுவப்பட்ட, சத்து மிகக் குறைந்த மண்வகைகளில் அதுவும் ஒன்று. லயத்து வாசலில் பூ பூத்தது மண்ணால் அல்ல. மண்ணின் மேல் தினமும் கொட்டப்பட்டவற்றால். அவை இரண்டு: விறகடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம். தாமானுக்கு வரும்போது கேஸ் அடுப்பு வந்தது, மாடு போனது. பூவும் கூடவே போயிற்று.

இதைப் புரிந்துகொள்ள மழையிலிருந்து தொடங்க வேண்டும். ஈப்போவில் ஆண்டுக்குச் சராசரி மழை 2,400 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை. வடக்கே தைப்பிங்கில் 4,000 மில்லிமீட்டரை ஒட்டிப் போகிறது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த தமிழ்நாட்டின் சராசரி 1,000 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. வானிலிருந்து விழும்போதே மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் இறங்குகிறது. அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் கூடும். மாசு கலக்காத மழைநீரின் பி.எச். 5.6 அளவில் இருக்கும். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சு அதில் இன்னும் கொஞ்சம் அமிலத்தைச் சேர்க்கிறது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் கால்சியமும் மக்னீசியமும் பொட்டாசியமும் மின்னீர்ப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும். அமில நீர் இறங்க இறங்க அந்த இடங்களை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. விரட்டப்பட்ட சத்துகள் ஆற்றுக்குப் போகின்றன. பல இலட்சம் ஆண்டுகளாக இதே வேலை நடந்த பிறகு எஞ்சியிருப்பதுதான் நாம் பார்க்கும் செம்மண்: சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்த ஒருவகைக் களி, அதற்கு நிறம் கொடுக்கும் இரும்புத் துரு, அதனோடு அலுமினியம். பி.எச். பெரும்பாலும் 4க்கும் 5க்கும் நடுவே.

தமிழ்நாட்டில் கதை நேரெதிர். மழை குறைவு, வெயில் அதிகம். கரைந்த சுண்ணாம்பு கீழே போகாமல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கரிசல் காட்டைத் தோண்டினால் சுக்கான்கல் அகப்படுவது அதனால்தான். அந்த மண்ணில் பிறந்த வேளாண் அறிவில் கிடை போடுவது உண்டு, குளத்து வண்டல் அடிப்பது உண்டு. புளித்த மண்ணை, அதாவது அமிலம் மிகுந்த மண்ணை, மாற்றுவது என்ற பாடம் நம் முன்னோர்களுக்குத் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்ட இடத்துக்கு வந்தபின் யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, ஏனென்றால் அவர்கள் வேலை செய்த மரத்துக்கு அது தேவைப்படவில்லை.

அந்த மரம் பால்மரம், அதாவது ரப்பர் மரம். அது அமேசான் காட்டிலிருந்து வந்தது. அங்கேயும் இதே மாதிரி மழை, இதே மாதிரி புளித்த மண். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பி.எச். 4.5 என்றால் செண்டுமல்லிக்குப் பட்டினி. பால்மரத்துக்குப் பிறந்த வீடு. இன்னொன்றும் உண்டு. மரத்திலிருந்து நாம் எடுக்கும் பாலில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி ரப்பர். ரப்பர் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும். கார்பன் காற்றிலிருந்து வருகிறது, ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து. வாளி வாளியாகப் பால் போனாலும் அதனோடு மண்ணின் சத்து போவது சொற்பம். ஆண்டுக்கொருமுறை இலை கொட்டி, கொட்டிய இலை அங்கேயே மட்கி, அதே சத்து திரும்ப வேருக்கு ஏறும். சத்து மண்ணில் இல்லை, மரத்துக்கும் சருகுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பசேல் என்று தெரிவதால் அடியில் உள்ள வறுமை தெரியாது.

இந்தச் சுற்றைக்கூட ஆரம்பத்தில் வெள்ளைக்காரத் துரைமார் கெடுத்தார்கள். மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தோட்டங்களை வழித்துச் சுத்தமாக வைத்தார்கள். புல் வெட்டியது நம் ஆட்கள்தான். வெறும் மண்ணில் மழை அடித்ததும் மேல்மண் ஆற்றில் கலந்து போயிற்று. பிறகுதான் சரிவுகளில் படிக்கட்டு மாதிரி மட்டம் வெட்டுவதும், வண்டல் பிடிக்கக் குழி தோண்டுவதும், மரங்களுக்கிடையே அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிடுவதும் வழக்கமாயின. 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்த மூடுபயிர்களைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. கொடி நன்றாகப் படர்ந்த நிலத்தில் முதல் ஐந்து ஆண்டுகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 150 கிலோ அளவு நைட்ரஜன் மண்ணில் சேர்ந்தது. கொடியொன்றை வேரோடு மெல்லப் பிடுங்கி மண்ணை உதறிப் பாருங்கள். கடுகு அளவிலும் மிளகு அளவிலும் வேரில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இரத்தம் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு. அது நம் இரத்தச் சிவப்புக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம்தான். முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு வேண்டிய அளவு மட்டும் ஆக்சிஜனைக் கொடுத்து மீதியை விலக்கி வைக்கிறது. உள்ளே சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் உரமாகிக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

இனி செண்டுமல்லிக்கு வருவோம். மெக்சிகோ பக்கத்துச் செடி அது. 6க்குக் குறையாத, 7ஐ ஒட்டிய பி.எச். அதற்குப் பிடிக்கும். பி.எச். என்பது ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்காக ஏறும் அளவுகோல். 6.5க்கும் 4.5க்கும் இரண்டே எண் வித்தியாசம்தான் என்று தோன்றும். அமிலத்தில் அது நூறு மடங்கு. 5.5க்குக் கீழே இறங்கியதும் களியில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரையத் தொடங்குகிறது. கரைந்த அலுமினியம் முதலில் தாக்குவது வேர் நுனியை, அதுவும் சில மணி நேரத்திலேயே. நீள வேண்டிய வேர் நீளாமல் தடித்து, பழுப்பேறி, கிளை விடாமல் குட்டையாக நின்றுவிடும். வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நர்சரிப் பையின் வடிவத்திலேயே இருக்கும்; வெளி மண்ணுக்குள் ஒரு விரற்கடை கூட இறங்கியிருக்காது. வேர் இல்லாத செடிக்கு இரண்டு நாள் வெயில் போதும். மழைக்காடு மாதிரி மழை பெய்யும் ஊரில் செடி தாகத்தால் சாகும் விசித்திரம் இதுதான். அடியிலையின் வெண்கலப் புள்ளி இன்னொரு அடையாளம்: புளித்த மண்ணில் இரும்பும் மாங்கனீசும் அளவுக்குமேல் கரைந்து இலையில் தேங்கியிருக்கின்றன.

இந்த நேரத்தில்தான் எல்லாரும் உரக்கடைக்குப் போகிறோம். பச்சை உரம் 15-15-15. பூ வைக்க நீல உரம் 12-12-17-2. செடி இளைத்திருக்கிறது, சாப்பாடு போடுவோம் என்ற எண்ணம். அந்த உரத்திலுள்ள பாஸ்பரஸ் மண்ணில் விழுந்ததும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துப் பூட்டிக்கொள்கின்றன. வேருக்குக் கிடைப்பது துளி. உரத்தின் அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது மேலும் அமிலம் வெளியாகிறது. வேர் நுனி ஏற்கெனவே எரிந்த செடிக்கு உப்பும் சேர்கிறது. உரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வரிசை தவறாகப் போடப்படுகிறது என்கிறேன். முதலில் புளிப்பு ஆறவேண்டும், பிறகு மண்ணுக்கு உடம்பு வரவேண்டும், உரம் மூன்றாவது.

லயத்தில் இந்த வரிசை யாரும் திட்டமிடாமலே நடந்தது. பால்மர விறகை எரித்த அடுப்பைக் காலையில் வழித்து, சாம்பலை வாசற்பக்கச் செடிக்குக் கொட்டுவார்கள். மீதி பாத்திரம் துலக்க. மரம் தன் வாழ்நாளில் வேரால் இழுத்துச் சேர்த்த கால்சியமும் பொட்டாசியமும் மக்னீசியமும் எரிந்தபின் சாம்பலில்தான் நிற்கின்றன. நைட்ரஜன் மட்டும் புகையோடு போய்விடும். நன்றாக எரிந்த விறகுச் சாம்பலுக்கு அமிலத்தை ஆற்றும் திறன் சுண்ணாம்புத் தூளில் ஏறக்குறைய பாதி உண்டு. சாம்பலில் இல்லாத நைட்ரஜனைச் சாணம் கொடுத்தது. சாணம் மட்கிய பொருள் இன்னொரு வேலையும் செய்கிறது: கரைந்த அலுமினியத்தைக் கட்டிப்போட்டு வேருக்குத் தொல்லை தராமல் வைக்கிறது. ஐம்பது ஏக்கர் மரத்திலிருந்து வந்த சத்தும், காடு முழுக்க மேய்ந்த மாட்டின் வயிற்றில் வந்த சத்தும் பத்தடி வாசலில் வந்து குவிந்தன. அந்தப் பத்தடி பூக்காமல் என்ன செய்யும்?

தாமான் வீட்டு முற்றத்தில் நிலைமை வேறு. 1970களுக்குப் பிறகு ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபோது, மனைக்கென்று ஒதுக்கிய நிலத்தில் முதலில் நுழைந்தது புல்டோசர். மேடு சீவிப் பள்ளம் நிரப்பியதில், சருகு மட்கி மட்கிச் சேர்ந்திருந்த அரையடி மேல்மண் எங்கோ புதைந்துபோனது. முற்றத்தில் எஞ்சியது அடிமண். அதுவும் லாரிச் சக்கரத்தில் இறுகிய அடிமண். அதற்குள் செங்கல் துண்டு, ஓட்டாஞ்சில்லு, காரைக் கட்டி. இங்கே ஒரு முரண் காத்திருக்கிறது. காரை என்பது சிமெண்ட், சிமெண்டில் சுண்ணாம்பு. ஆகவே அதே முற்றத்தில் நடுப்பகுதி கடும் புளிப்பாகவும், சுவரோரம் ஓரடி அகலம் காரமாகவும் இருக்கும். சுவரோர இட்லிப்பூச் செடியின் கொழுந்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக ஓடினால் அது புளிப்பால் வந்த கோளாறு அல்ல. காரத்தில் இரும்பு கரையாத குறை. அங்கே போய்ச் சுண்ணாம்பைக் கொட்டினால் நோயை வளர்த்துவிடுவீர்கள்.

அதனால் அளந்து பார்க்காமல் சுண்ணாம்பில் கைவைக்கக்கூடாது. மண்ணில் குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பிக் கருவிகளை நான் நம்புவதில்லை. ஈரத்துக்கு ஏற்ப முள் ஆடும். காகிதப் பட்டை மலிவு, அதுவே போதும். நாலைந்து இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மழைநீர் ஊற்றிக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டு மேல்நீரில் பட்டையை நனைத்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். சுவரோர மண்ணைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்கு இன்னும் சுலபமான வழி, ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் வினிகர் விடுவது. பொங்கி நுரைத்தால் அதில் காரைச் சுண்ணாம்பு இருக்கிறது.

புளிப்பு உறுதியானால் மருந்துக்கு எங்கும் அலைய வேண்டாம். ஈப்போவைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் குன்றுகள் முழுக்க மருந்துதான். தைப்பூசத்துக்குக் காவடி ஏறும் கல்லுமலைக் கோயில் சாய்ந்திருக்கும் குனோங் சீரோவும், பேராக் தோங், சாம் போ தோங் குகைக் கோயில்களின் பாறையும் சுண்ணாம்புக்கல். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலில், ஓடுள்ள உயிர்கள் செத்துப் படிந்து இறுகியவை. அந்தக் கடற்பாறைக்குள் பின்னாளில் கருங்கல் குழம்பு புகுந்ததில்தான் ஈயமும், அதாவது வெள்ளீயமும், வந்தது; கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங் இரண்டும் அந்தக் கருங்கல் மலைகள். கருங்கல் மண் புளிக்கும், சுண்ணாம்புக்கல் ஆற்றும். இரண்டும் கிந்தா பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிம்பாங் பூலாய் வழியே போகிறவர்கள் வெள்ளைத் தூசி படிந்த ஆலைகளைப் பார்த்திருப்பார்கள். அங்கே பொடியாகும் கால்சியம் கார்பனேட் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் போகிறது.

வயலுக்கும் தோட்டத்துக்கும் விற்கப்படுவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள். உரக்கடையில் ஜி.எம்.எல். என்று கேட்டால் கொடுப்பார்கள். இந்த மண்ணில் மக்னீசியமும் பஞ்சம் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். நாலடி அகலம் பத்தடி நீளப் பாத்திக்கு ஒரு கிலோ சொச்சம் போதும். சுண்ணாம்புத் தூள் தண்ணீரில் எளிதாகக் கரையாது, மண்ணுக்குள் தானாக நடந்து போகவும் போகாது. மேலே தூவிவிட்டுப் போனால் மேல் விரற்கடையில்தான் வேலை செய்யும். ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்து, நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஈரமாக வைக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு, நீற்றிய சுண்ணாம்பு வேண்டாம். அவற்றின் வேகம் அதிகம், வேரைச் சுடும். கோழி எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடுவதும் வேண்டாம். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறப்பது.

குன்றைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற மண்ணில் வாழ முடியாத, சுண்ணாம்பை நம்பியே வாழும் செடிகளும் நத்தைகளும் இந்தக் குன்றுகளில் உண்டு. சிம்மோர் பக்கத்துக் குனோங் கந்தானில் மட்டுமே கண்ட ஒரு பொடி நத்தைக்கு 2014இல் பெயர் சூட்டியபோது, அந்தக் குன்றை வெட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். அழிந்தால் யார் பெயரில் அழிந்தது என்று தெரியட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. நம் பூப்பாத்திக்குப் போகும் ஒரு கிலோ இதில் கணக்கிலேயே வராது. இருந்தாலும் 'கொஞ்சம் கூடத்தான் போடுவோமே' என்ற கைக்கு அளவு தெரிவது நல்லது. 7ஐத் தாண்டினால் செண்டுமல்லிக்கும் இரும்புப் பஞ்சம் வரும்.

அடுத்தது மண்ணுக்கு உடம்பு, அதாவது மட்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு சாண் ஆழ மண் ஏறக்குறைய 200 கிலோ. அதில் மட்கின் அளவை நூற்றுக்கு ஒன்று உயர்த்த வேண்டுமானால் இரண்டு கிலோ மட்கு உள்ளே போக வேண்டும். ஐந்து கிலோ தொழுவுரம் போட்டால் அதில் பாதி ஈரம். மீதியில் பாதி மண்ணும் சாம்பலும். உண்மையான மட்கு ஒன்றேகால் கிலோதான் தேறும். இந்த ஊர் வெக்கையில் அதுவும் மளமளவென்று மட்கித் தீர்ந்துவிடும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் 'வசந்தத்தில் ஒருமுறை உரமிடுக' என்று எழுதியிருப்பதை இங்கே பின்பற்றுவது வீண். ஒவ்வொரு பூப்பயிருக்கும் ஒருமுறை போட வேண்டும்.

பேராக்கில் இதற்குப் பொருள் கொள்ளை கொள்ளையாகக் கிடைக்கிறது. செம்பனை ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலை, ஆலைக்கு வந்த குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பொட்டாசியம் நிறைந்தது, துண்டாக்கி மேலே மூடாக்காகப் போட்டால் மழைத்துளி மண்ணை அடிக்காது. ஆனால் கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைவு. அப்படியே மண்ணுக்குள் கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனைப் பறித்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும். பால்மர மரத்தூளுக்கும் இதே குணம், இன்னும் மோசமாக. நைட்ரஜன் மிகுந்த கோழி எருவோடு சேர்த்துக் குவித்து, உள்ளே கைவைக்க முடியாத சூடு, அதாவது 55 டிகிரியைத் தாண்டி வந்து, பிறகு ஆறி, மண்வாசனை வரும்வரை விட்டால் பத்திரம். அந்தச் சூட்டில் களை விதையும் செத்துவிடும். கிரியான் வட்டாரத்து நெல் ஆலைகளின் உமியைக் கருக்கினால் கிடைக்கும் உமிக்கரி இறுகிய களியைத் தளர்த்தும். ஒரு காலத்தில் பூச்சட்டிக்கென்று மண்ணையே விறகோடு அடுக்கிச் சுட்டுப் பயன்படுத்தினார்கள். நோய்க்கிருமியும் களையும் செத்து, சாம்பலால் புளிப்பும் குறைந்ததால் நாற்றுக்கு அது நல்ல மண். ஆனால் மட்கும் நைட்ரஜனும் எரிந்துபோகும். திறந்தவெளியில் எரிப்பதற்கு இப்போது சட்டத்தடையும் இருப்பதால் அதை விட்டுவிடலாம்.

இதுவரை சொன்னது ரப்பர் மண். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற மண் முற்றிலும் வேறு ரகம். கோப்பேங், கம்பார், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் பகுதிகளில் நூறாண்டுக்கு மேல் தரையைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். ஏரியில் மிதக்கும் கப்பல்களால் தோண்டினார்கள். 1938இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள ஈயக்கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததோடு பெரும்பாலான சுரங்கங்கள் மூடின. குழம்பிலிருந்து ஈயக்கல்லைப் பிரித்தபின் கனமான மணல் பக்கத்திலேயே விழுந்தது. களியும் வண்டலும் நீரோடு தாழ்வுக்குப் போய்த் தேங்கின. இயற்கை கலந்து வைத்திருந்த மண்ணை மனிதன் சலித்துத் தனித்தனியாகப் போட்டுவிட்டான். மேட்டில் வெறும் வெள்ளை மணல், பள்ளத்தில் பிசுபிசுக்கும் சேறு.

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள் போட்டுக் குலுக்கி வைத்தால் உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாளும் கலங்கலாக நிற்கும். ஈயமணலில் ஒரு நிமிடத்திலேயே தண்ணீர் தெளிந்துபோகும்.

அந்த மணலில் சுண்ணாம்பு இரண்டாம் பட்சம். அமிலத்தைச் சேர்த்துவைக்கும் களியே இல்லாததால் சிறிதளவு சுண்ணாம்பிலேயே பி.எச். ஏறிவிடும், செம்மண்ணுக்குப் போடும் அளவைப் போட்டால் கைமீறிப் போகும். அங்கே பிரச்சினை தண்ணீரும் சத்தும் நிற்காதது. ஊற்றிய உரம் அடுத்த மழையில் கீழே போய்விடும். நண்பகலில் வெறும் மணல் காலில் செருப்பில்லாமல் நிற்க முடியாதபடி சுடும். சேற்றுப்பக்கக் களியைக் காயவைத்துப் பொடித்து மணலோடு கலப்பதுதான் அடிப்படை வைத்தியம்: சலித்துப் பிரித்ததைத் திரும்பச் சேர்ப்பது. அதோடு மட்கு, மேலே மூடாக்கு, உரத்தைச் சிறுசிறு தவணையாக. சீனக் காய்கறி விவசாயிகள் இந்த ஈயமணலில் பல தலைமுறையாகக் கீரை விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். கோழி எருவும் தினப்படித் தண்ணீரும் அவர்கள் மூலதனம். ஆனால் பழைய சுரங்க நிலத்தில் சில இடங்களில் ஆர்செனிக் போன்றவை கூடுதலாக இருப்பதுண்டு. சோதித்துப் பார்க்காத மண்ணில் சாப்பிடும் பயிரைவிடப் பூ வளர்ப்பதே எனக்கு உவப்பு.

மணலுக்கு ஏற்ற பூ எது என்றால் தயங்காமல் வாடாமல்லி. மக்காச்சோளமும் கரும்பும் கையாளும் அதே ஒளிச்சேர்க்கை முறை அதற்கும் உண்டு. சூடான நேரத்தில் மற்ற செடிகள் இலைத்துளைகளைத் திறந்து நீரை இழந்துகொண்டிருக்க, இது குறைவாகத் திறந்து கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்கிறது. ஒரே அளவு தண்ணீரில் கூடுதல் வளர்ச்சி. நாம் பூ என்று கோர்ப்பது இதழும் அல்ல. தாள் போன்ற உலர்ந்த பூவடிச் செதில்கள். உள்ளே இருக்கும் உண்மையான பூ பொடியாக உதிர்ந்த பிறகும் செதில் நிறம் மாறாமல் நிற்பதால் மாலை வாடுவதில்லை. இரண்டாவதாகச் செண்டுமல்லி, வேறொரு காரணத்துக்காக. மணலில் நூற்புழுத் தொல்லை அதிகம். வேரில் முடிச்சுப் போட்டுச் செடியை உறிஞ்சும் கண்ணுக்குத் தெரியாத புழு. செண்டுமல்லி வேரில் சுரக்கும் ஒரு கந்தகச் சேர்மம் அதைக் கொல்கிறது. கத்தரிக்கு நடுவில் இரண்டு செடி அழகுக்கு வைத்தால் பலன் இராது. பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியே நின்றால்தான் அடுத்த பயிருக்கு நிம்மதி.

பருவம் பார்ப்பது இங்கே வெயிலைப் பார்த்தல்ல, மழையைப் பார்த்து. ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு நாலரை டிகிரி வடக்கே இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரைமணி நேரம்தான் வித்தியாசம். பகல் குறுகினால் சீக்கிரம் பூக்கும் செண்டுமல்லிக்கு வருடம் முழுவதும் சம்மதமே. ஆனால் மழை ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் உச்சத்துக்குப் போகும். தீபாவளிப் பூ சரியாக இரண்டாவது மழையில் மாட்டிக்கொள்கிறது. விதையிலிருந்து பூவுக்கு அறுபது முதல் எழுபத்தைந்து நாள் என்று எண்ணி ஆகஸ்டில் விதைத்தால், பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டுக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். நெருக்கினால் ஈரம் காயாமல் பூ அழுகும். தைப்பூசப் பூவுக்கு நவம்பரில் விதைக்கலாம். நாற்றுப் பருவம்தான் ஆபத்து. தண்டு தரையோடு இற்றுச் சாயும் அழுகல் நோய் வராமல் இருக்க, நாற்றை முற்றத்து மண்ணில் போடாமல் உமிக்கரி கலந்த தட்டில் கூரைக்கடியில் வளர்த்து, நாலிலை வந்ததும் மாற்றுவது நல்லது. முப்பது நாற்பது நாளில் நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் முதல் பூ ஒரு வாரம் தள்ளும். பக்கக் கிளையில் மொத்தப் பூ கூடும். நீல உரத்துக்கு வேளை மொட்டு தெரியும் அந்தக் கட்டம்தான், செடிக்கு ஒரு சிட்டிகை, தண்டை ஒட்டாமல்.

பூ முடிந்த பாத்தியை வெறுமனே விட்டால் அடுத்த இரண்டு மாத மழை சுண்ணாம்பையும் சத்தையும் வாரிக்கொண்டு போகும். சமையற்கட்டில் இருக்கும் தட்டைப்பயறு இரண்டு கைப்பிடி போதும். ஓரளவு புளித்த மண்ணையும் அது தாங்கும். ஒரு மாதத்தில் தரையை மூடிவிடும். ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே சிவந்திருந்தால், முதல் பூ தெரியும்போதே கொடியை வெட்டி அங்கேயே மடக்கிக் கொத்திவிடலாம். காய்க்க விட்டால் நைட்ரஜன் பயறுக்குப் போய்விடும். பயறு நமக்கு, மண்ணுக்கு மிச்சம் கொஞ்சம்தான். இரண்டு வாரம் மட்கியதும் அடுத்த நாற்று நடலாம். சுண்ணாம்பை ஒவ்வொரு முறையும் போட வேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்து, 6க்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும், முதலில் போட்டதில் பாதி.